மங்கல் வேறு, படிகம் வேறு: அதிதெவிட்டிய கரைசலில் மருந்து விழும் விதம்

பாளையங்கோட்டையில் எம்.ஃபார்ம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "ஃபெலோடிபின் மருந்தை மெத்தனாலில் கரைத்து, 37 டிகிரியில் இருக்கும் பி.எச் 6.8 தாங்கல் கரைசலில் விடுகிறேன். உடனே அரிசி களைந்த தண்ணீர் போல மங்குகிறது. பிறகு ஒரு நாள் 10 நிமிடத்தில் படிகம் வருகிறது, இன்னொரு நாள் 40 நிமிடம் ஆகிறது. கை சரியில்லை, திரும்பச் செய் என்கிறார் வழிகாட்டி. எந்த எண்ணை ஆய்வேட்டில் எழுதுவது? இன்னொன்று. என் தங்கை செவிலியர். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் ஃபெனிட்டாயின் ஊசி மருந்தைக் கலந்ததும் வெள்ளையாகிவிட்டதாகச் சொன்னாள். அதுவும் இதுவும் ஒன்றுதானா?"

தம்பி, 10 நிமிடத்தையும் எழுதுங்கள், 40 நிமிடத்தையும் எழுதுங்கள். இரண்டில் ஒன்றைத் தூக்கி எறிந்தால்தான் தவறு. ஏன் என்று சொல்ல, நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் உடன்குடிக்குப் பக்கத்தில் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் பிறந்தவன். என் பாட்டி விடிலியில் பதநீர் காய்ச்சியவர். காலையில் இறக்கிய பதநீரை மதியம் வரை காய்ச்சினால் பாகாகும். அதை இன்னும் இறுக்கி, கிண்டி, சிரட்டையில் ஊற்றினால் அன்றைக்கே கருப்பட்டி. அதே பாகைக் கொஞ்சம் இளம்பதத்தில் இறக்கி, நூல் தொங்கவிட்ட மண்பானையில் ஊற்றி, வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு. பானை இருக்கும் மூலைக்குப் பிள்ளைகளைப் பாட்டி விடவே மாட்டார். ஆட்டினால் கற்கண்டு பொடிப்பொடியாக விழுந்துவிடும் என்பார். ஆறிய அந்தப் பாகில், தண்ணீர் தாங்கக்கூடியதைவிட அதிகமான சர்க்கரை இருக்கிறது. அதுதான் அதிதெவிட்டிய கரைசல். அது விழுந்தே தீரும். ஆனால் இந்த நொடியே விழ வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. உங்கள் பீக்கரில் நடப்பதும் இதுதான். எவ்வளவு விழும் என்பதற்குக் கரைதிறன் பதில் சொல்லும், எப்போது விழும் என்பதற்குச் சொல்லாது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். கரைதிறன் குறைந்த மருந்துகளைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி.

ஏன் உடனே விழுவதில்லை? படிகம் ஒன்று பிறக்க, கரைசலில் அலையும் மூலக்கூறுகள் சில ஒன்றுகூடி ஒரு சிறு திரளாக வேண்டும். திரளின் உள்ளே இருக்கும் மூலக்கூறுக்கு அங்கே இருப்பது லாபம். மேற்பரப்பில் இருப்பதற்கு நஷ்டம், ஏனென்றால் அதன் ஒரு பக்கம் தண்ணீரைப் பார்த்து நிற்கிறது. லாபம் திரளின் கன அளவைப் பொறுத்து, அதாவது ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். நஷ்டம் பரப்பைப் பொறுத்து, ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். சிறிய திரளில் நஷ்டமே மேலோங்கும். ஆகவே தோன்றுகிற திரள்களில் ஏறக்குறைய எல்லாமே கரைந்துபோகும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தற்செயலாகத் தாண்டிவிட்ட திரள் மட்டும் பிழைக்கும், பிறகு நிற்காமல் வளரும். அந்த எல்லை அளவு சில நானோமீட்டர்தான். அதைத் தாண்டிய திரளைத்தான் படிகக்கரு என்கிறோம்.

அந்த எல்லையைத் தாண்ட, திரள் ஓர் ஆற்றல் மேட்டை ஏறிக் கடக்க வேண்டியிருக்கிறது. அந்த மேட்டின் உயரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, படிகத்துக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட பரப்பு ஆற்றல். அதன் மும்மடிக்கு ஏற்ப மேடு உயரும். இன்னொன்று, தெவிட்டல் விகிதம், அதாவது கரைந்திருக்கும் அளவைப் படிகத்தின் கரைதிறனால் வகுத்தால் வரும் எண். அந்த எண்ணின் இயல்மடக்கையின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மேடு தாழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். விகிதம் 2 என்றால் இயல்மடக்கை 0.69, அதன் இருமடி 0.48. விகிதம் 10 என்றால் 2.30, இருமடி 5.3. மேடு 11-ல் ஒரு பங்காகத் தாழ்கிறது. விகிதம் 2-ல் மேட்டின் உயரம் வெப்ப ஆற்றலைப் போல 110 மடங்கு என்று வைத்துக்கொண்டால், 10-ல் அது வெறும் 10 மடங்கு. கரு பிறக்கும் வேகம் இந்த எண்ணை அடுக்காகக் கொண்டு மாறுவதால், இரண்டு வேகங்களுக்கும் உள்ள வேறுபாடு 1-க்குப் பின்னால் 43 சுழியங்கள் போட்டால் வருகிற எண்ணின் அளவில் இருக்கும். மேட்டின் உயரத்தை எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டேன். கணக்கின் போக்கு உண்மையானது. ஒரே மருந்து ஒரு செறிவில் மாதக்கணக்கில் தெளிவாக நிற்பதும், சற்றுக் கூடிய செறிவில் கண்ணிமைக்கும் நேரத்தில் கொட்டுவதும் இதனால்தான்.

நம் தூத்துக்குடி உப்பளத்தில் இப்படி வாரக்கணக்கில் காத்திருக்கும் கதை கிடையாது. பாத்தியில் உப்புநீர் பதத்துக்கு வந்தால் உப்பு இறங்கத் தொடங்கிவிடும். சோடியமும் குளோரைடும் சின்னஞ்சிறு உருண்டைகள், எந்தப் பக்கம் வந்து ஒட்டினாலும் பொருந்தும். லிட்டருக்கு 360 கிராம் வரை கரைவதால் கரைசலில் அவற்றுக்குப் பஞ்சமும் இல்லை. மருந்து மூலக்கூறோ வளையமும் வாலுமாக நெளிந்து கிடப்பது. சரியான முகம் சரியான முகத்தோடு, சரியான மடிப்பில் வந்து சேர வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தை நம்பித்தான் நவீன மாத்திரைகள் பலவும் செய்யப்படுகின்றன.

இப்போது உங்கள் 10-க்கும் 40-க்கும் வருவோம். முதல் கரு பிறப்பது தற்செயல் நிகழ்ச்சி, கதிரியக்க அணு ஒன்று சிதைவதைப் போல. எந்த அணு எப்போது சிதையும் என்று எவராலும் சொல்ல முடியாது. சராசரியை மட்டும் சொல்லலாம். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் காத்திருக்கும் நேரத்தின் சராசரி எவ்வளவோ, சிதறலைக் காட்டும் திட்ட விலக்கமும் அவ்வளவே. சராசரி 25 நிமிடம் என்றால் 10-ம் 40-ம் சாதாரணமாக வரக்கூடியவை. 2 நிமிடமும் வரும், 70 நிமிடமும் வரும். கரைசலின் கன அளவு கூடக் கூட எங்கோ ஓரிடத்தில் கரு பிறக்கும் வாய்ப்பும் கூடும், ஆகவே காத்திருக்கும் நேரமும் சிதறலும் குறையும். மருந்தின் படிகமாகும் நேரம் இவ்வளவு என்று கன அளவைச் சொல்லாமல் எழுதும் கட்டுரையைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அடுத்தவர் எதையும் செய்ய முடியாது.

அதற்காக வழிகாட்டி சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மெத்தனால் துளி விழும் இடத்தில் ஒரு கணம் செறிவு பல மடங்கு எகிறும். எவ்வளவு வேகமாக விட்டீர்கள், கலக்கி எவ்வளவு வேகத்தில் சுழன்றது என்பதெல்லாம் அந்தக் கணத்தில் எத்தனை கருக்கள் பிறக்கும் என்பதை மாற்றும். கண்ணாடிக் கோல் பீக்கரை உரசினாலும், தூசி விழுந்தாலும், நேற்றைய படிகம் ஒன்று விளிம்பில் ஒட்டியிருந்தாலும், மேட்டைச் சுற்றிப் போகக் குறுக்குவழி கிடைத்துவிடும். பனங்கற்கண்டுப் பானையில் நூல் செய்யும் வேலையும் அதுதான். சர்க்கரை பிடித்துக்கொள்ள ஓர் இடம் கொடுக்கிறது.

இயற்கையின் சிதறல் எது, கையின் சிதறல் எது என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. தாங்கல் கரைசலை நுண்வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள். மருந்தை ஒரே பாத்திரத்தில் ஒருமுறை மட்டும் கலந்து, அந்தக் கரைசலை உடனே இருபது சிறு குப்பிகளில் சம அளவாகப் பிரித்து, 37 டிகிரித் தொட்டியில் ஒன்றாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் படிகம் தெரியும் நேரத்தைக் குறியுங்கள். ஒரே கையால் ஒரே நேரத்தில் பிறந்த குப்பிகள் தமக்குள்ளேயே சிதறினால், கையைக் குறை சொல்ல இடமில்லை. இன்ன நேரத்துக்குள் எத்தனை குப்பிகள் படிகமாயின என்று வரைபடம் போடுங்கள். ஆய்வேட்டில் எழுத வேண்டியது அந்த வளைகோடுதான். மெத்தனால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூடினால் கரைதிறனே மாறிவிடும். ஃபெலோடிபின் வெளிச்சத்தில் சிதையக்கூடியது. குப்பிகளுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன மங்கல்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அந்த மங்கல் படிகம் அல்ல என்றே நினைக்கிறேன்.

வீட்டில் ஒரு குவளைத் தண்ணீரில் டெட்டால் விடும்போது பால் போல் வெளுக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். பாட்டிலுக்குள் ஆல்கஹாலும் சோப்பும் சேர்ந்து எண்ணெயைக் கரைத்து வைத்திருக்கின்றன. தண்ணீர் சேர்ந்ததும் அந்தப் பிடி தளர்ந்து, எண்ணெய் கோடிக்கணக்கான நுண்துளிகளாகப் பிரிகிறது. அங்கே படிகம் என்று எதுவும் இல்லை. மருந்துக்கும் இப்படி ஒரு நிலை உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு கரைதிறன்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்தின் கரைதிறன் கீழே இருக்கிறது. ஒழுங்கில்லாமல் குழைந்து கிடக்கும் படிக வடிவமற்ற நிலையின் கரைதிறன் மேலே இருக்கிறது. ஃபெலோடிபினுக்கு மேலது கீழதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. இரண்டுக்கும் இடையில் செறிவை நிறுத்தினால் கரைசல் தெளிவாக இருக்கும், படிகத்துக்காகக் காத்திருக்கும். மேல் எல்லையையும் தாண்டினால், மருந்து செறிந்த நுண்துளிகள் தண்ணீருக்குள் தனியே பிரிந்துவிடும். திரவத்துக்குள் திரவம் பிரிகிறது. துளிகள் பொதுவாகச் சில நூறு நானோமீட்டர் அளவு இருக்கும், அதனால்தான் ஒளியைச் சிதறடித்து வெளிறிய நீலமாக மங்குகின்றன. மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இதில் இல்லாததால் இது சட்டென்று நடக்கிறது. நிலையான வடிவம் முதலில் வராது, எளிதில் எட்டக்கூடிய நிலையற்ற வடிவமே முதலில் வரும் என்று ஆஸ்ட்வால்ட் 1897-ல் சொன்னார். உங்கள் பீக்கரில் நீங்கள் கண்டது அதுதான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. மங்கிய கரைசலில் ஒரு சொட்டை எடுத்து, ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிர விடும் முனைவாக்கி இரண்டைக் குறுக்காக வைத்த நுண்ணோக்கியில் பாருங்கள். துளிகள் இருட்டாகவே இருக்கும். ஊசிப் படிகம் ஒன்றே ஒன்று இருந்தாலும் பளிச்சென்று மின்னும். இன்னொன்றையும் கவனியுங்கள். படிகங்கள் வளர வளர மங்கல் குறைந்து கரைசல் தெளியத் தொடங்கும். படிகம் தண்ணீரிலிருந்து மருந்தை இழுக்க, துளிகள் தங்களிடம் உள்ளதைத் தண்ணீருக்குக் கொடுத்துக் கரைந்துபோகின்றன. கரைசல் தெளிந்துவிட்டது, மருந்து கரைந்துவிட்டது என்று மகிழ்ந்து குறித்துக்கொண்ட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடியில் படிந்திருந்த ஊசிகளை அவர்கள் பார்க்கவில்லை.

வடிகட்டி செய்யும் ஏமாற்று இதைவிடப் பெரியது. 0.45 மைக்ரான் வடிகட்டியில் 200, 300 நானோமீட்டர் துளிகள் தடையின்றிப் புகுந்துவிடும். வடித்ததை ஆல்கஹாலில் நீர்த்து, அது ஒளியை உறிஞ்சும் அளவை அளந்து, இவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று எழுதினால், கரையாத துளிகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறோம் என்று பொருள். உண்மையில் கரைந்தது மேல் எல்லைக்கு மேல் போகவே போகாது. துளிகளை மிகைவேக மையவிலக்கியில் இறக்கிவிட்டுத் தெளிவை அளக்க வேண்டும். மேல் எல்லையைக் கண்டுபிடிக்க, ஃபெலோடிபின் ஒளியை உறிஞ்சாத ஓர் அலைநீளத்தில் கருவியை வைத்து, மருந்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். எந்தச் செறிவில் அளவீடு திடீரென்று ஏறுகிறதோ, அதுவே அந்த எல்லை.

குடலுக்கு இதனால் என்ன? குடல் சுவரைக் கடக்கும் வேகம் உண்மையாகக் கரைந்திருக்கும் மூலக்கூறுகளைப் பொறுத்தது. மேல் எல்லை வரை செறிவு கூடக் கூட வேகமும் கூடும், அதற்கு மேல் கூடாது. ஆனால் துளிகள் வீண் இல்லை. குடல் உறிஞ்ச உறிஞ்ச, அவை கரைந்து குறையை நிரப்பும். குளம் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் ஊற்று போல. படிகம் பிறந்தால் அந்த ஊற்று அடைந்துபோகும். சிறுகுடலை உணவு கடக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகிறது. அதுவரை படிகத்தைத் தள்ளிப்போட முடிந்தால் மருந்து வேலை செய்யும்.

தள்ளிப்போடுவது எப்படி என்பதற்கு நம் ஊர் அல்வா நல்ல சாட்சி. அல்வாவில் எவ்வளவு சீனி இருக்கிறது, எவ்வளவு குறைந்த தண்ணீர் இருக்கிறது! வெறும் பாகாக இருந்தால் ஆறியதும் பூத்து மணல் மணலாகிவிடும். அல்வா நாள்கணக்கில் பளபளவென்று வழுக்குகிறது. கோதுமைப்பாலின் மாவுச்சத்து வலை போலப் பரவிச் சீனி மூலக்கூறுகளை ஒன்றுசேர விடுவதில்லை. ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சைச் சாறு விடுவதும் பூக்காமலிருக்கத்தான், ஆனால் வழி வேறு. புளிப்பு சீனியில் ஒரு பகுதியை உடைத்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் ஆக்குகிறது. இந்த உறவுக்கார மூலக்கூறுகள் படிகத்தின் முகத்தில் வந்து ஒட்டி, அடுத்த சீனி மூலக்கூறு உட்காரும் இடத்தை அடைத்துவிடுகின்றன. மருந்தியலில் ஹைட்ராக்ஸிபுரோப்பைல் மெத்தில் செல்லுலோஸ் போன்ற பாலிமர்கள் இந்த இரண்டில் பெரும்பாலும் இரண்டாவது வேலையைச் செய்கின்றன. வளரும் படிகத்தின் மேற்பரப்பில் படர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கரைசலைக் கெட்டியாக்குவதால்தான் இவை தடுக்கின்றன என்று பலர் எழுதுகிறார்கள். மிகக் குறைந்த அளவு பாலிமரே போதும் என்பதைப் பார்த்தால் அது முக்கியக் காரணமாக இருக்க முடியாது. உங்கள் இருபது குப்பிகளை இன்னொரு முறை, இந்தப் பாலிமரை மிகச் சிறிதளவு சேர்த்து வைத்துப் பாருங்கள். வளைகோடு வலப்பக்கம் நகர்வதைக் கண்ணால் காணலாம்.

பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகொனசோல் கேப்சூல் இப்படிச் செய்யப்பட்டதுதான். நடுநிலைத் தண்ணீரில் அதன் கரைதிறன் மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவுக்குத்தான். சீனி உருண்டைகளின் மேல் மருந்தையும் அந்தப் பாலிமரையும் சேர்த்துப் பூசி, படிகமாகாத நிலையில் அடைத்துக் கொடுக்கிறார்கள். இது காரத்தன்மை கொண்ட மருந்து. இரைப்பையின் அமிலத்தில் ஓரளவு கரையும், குடலுக்குள் இறங்கி பி.எச் 6-க்கு மேல் போனதும் அதிதெவிட்டிய நிலைக்கு வந்துவிடும். கீட்டோகொனசோலும் இதே இனம். அமிலம் சுரக்காதவர்களுக்கு அந்த மாத்திரையைப் புளிப்பான குளிர்பானத்தோடு கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

காலத்தின் விளையாட்டுக்கு ரிட்டோனாவிரை விடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எச்.ஐ.வி.க்கான அந்த மருந்து 1996-ல் கேப்சூலாக வந்தது. உள்ளே இருந்தது ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த கரைசல். அறியப்பட்டிருந்த படிக வடிவத்தின் கணக்கில் அது தெவிட்டாத கரைசல்தான், விழ வழியே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். 1998-ல் கேப்சூல்கள் கரைவுச் சோதனையில் தோற்கத் தொடங்கின. உள்ளே ஊசி ஊசியாக, அதுவரை எவரும் காணாத இரண்டாவது படிக வடிவம். அதன் கரைதிறன் மிகக் குறைவு. அந்தப் புதிய வடிவத்தின் கணக்கில், அதே கரைசல் இரண்டு ஆண்டுகளாக அதிதெவிட்டிய நிலையில் இருந்திருக்கிறது. முதல் கரு பிறக்க அவ்வளவு காலம் ஆயிற்று. பிறந்த பிறகு அதன் துகள்கள் போன இடமெல்லாம் புதிய வடிவமே விழுந்தது. கேப்சூலைத் திரும்பப் பெற்றார்கள், நோயாளிகள் சுவை சகிக்க முடியாத திரவ மருந்தோடு காலம் தள்ளினார்கள். படிகம் கண்ட பீக்கரை ஏன் அவ்வளவு கவனமாகக் கழுவச் சொல்கிறேன் என்பது இப்போது புரியும்.

தங்கை கண்டதும் இதே குடும்பம்தான். ஆனால் அங்கே மேடு ஏறக்குறைய இல்லை, ஆகவே காத்திருப்பும் இல்லை. ஃபெனிட்டாயின் அமிலத்தன்மை கொண்ட மருந்து, தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். ஊசி மருந்தில் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் ஃபெனிட்டாயின் சோடியத்தைக் கரைத்து வைக்க, பி.எச்-ஐ 12 வரை ஏற்றி, 40 சதவீதம் புரோப்பிலின் கிளைக்காலும் 10 சதவீதம் ஆல்கஹாலும் துணைக் கரைப்பானாகச் சேர்க்கிறார்கள். டெக்ஸ்ட்ரோஸ் சற்று அமிலத்தன்மை உள்ளது. அதில் கலந்ததும் பி.எச் இறங்குகிறது, துணைக் கரைப்பானும் நீர்த்துப்போகிறது, இரண்டு பிடியும் ஒன்றாக நழுவுகின்றன. தெவிட்டல் விகிதம் எகிறி, மருந்து அந்த இடத்திலேயே கொட்டுகிறது. டையசிபாம் ஊசியைச் சலைனில் கலக்கும்போது நடப்பது இன்னும் விசித்திரம். கொஞ்சம் நீர்த்தால் மங்கும், நிறைய நீர்த்தால் மறுபடி தெளியும். துணைக் கரைப்பான் குறையும்போது கரைதிறன் அடுக்கடுக்காக விழுகிறது, செறிவோ நேர்கோட்டில்தான் குறைகிறது. இடைப்பட்ட நீர்ப்பில் கரைதிறன் செறிவுக்குக் கீழே போய்விடுகிறது.

தங்கையிடம் இதைச் சொல்லுங்கள்: வெள்ளையான பாட்டிலைக் குலுக்கியோ சூடாக்கியோ தெளிய வைக்க முயல வேண்டாம், அதை நோயாளிக்கு ஏற்றவும் வேண்டாம். ஃபெனிட்டாயினை டெக்ஸ்ட்ரோஸில் கலக்கவே கூடாது, நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும். அதிலும் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே நீர்த்துவிடக் கூடாது. சலைனில் பி.எச்-ஐத் தாங்குவது மருந்தோடு வரும் காரம்தான், மிகவும் நீர்த்தால் அதுவும் போய்விடும். கலந்த உடனே ஏற்றத் தொடங்க வேண்டும், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது, குழாயில் 0.22 முதல் 0.55 மைக்ரான் வரையிலான வடிகட்டி இருக்க வேண்டும். அதே குழாயில் முன்பு டெக்ஸ்ட்ரோஸ் ஓடியிருந்தால், ஃபெனிட்டாயின் போகும் முன்பும் போன பின்பும் சலைன் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும்.